பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தோட்டத்துக்கே கொண்டுவரக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், தோட்டக் குடியிருப்பாளர் சங்கம், கம்போங் ராஜா, கேமரன் மலை, பகாங்.

பெறுநர்: மாவட்டச் சுகாதார அதிகாரி, கேமரன் மலை.

நகல்: பகாங் மாநிலச் சுகாதார இயக்குநர், வட்டாரத் தேயிலைத் தோட்ட நிர்வாகங்கள்.

பொருள்: 50 வயது கடந்த தோட்ட மக்களுக்கு மலப் பரிசோதனை வசதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மலேசிய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோய். பெண்களிடையே அது மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் உள்ளது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோயாளிகளில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

தாமதத்தில் எங்கள் பங்கும் உண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் லயத்தில் 'மூலச்சூடு' என்பார்கள். வெந்தயமும் மோரும் குடித்துவிட்டு வேலைக்குப் போவார்கள். கொழுந்து பறிக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் எட்டு மாதம் இப்படியே ஓட்டினார். மகளிடம்கூட வாய் திறக்கவில்லை. கூடையைத் தூக்க முடியாமல் போன பிறகே மருத்துவரிடம் சென்றார்.

50 முதல் 75 வயது வரை உள்ளோருக்கு, இரத்தம் உள்ளதா என்று பார்க்கும் மலப் பரிசோதனை அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. ஊசி இல்லை, பட்டினி இல்லை. குச்சியால் மலத்தைச் சிறிது தொட்டுக் குப்பியில் இட்டுத் தந்தால் போதும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் வரிசையில் நிற்க, கவுண்டரில் அதைக் கேட்க எங்கள் பெரியவர்கள் கூசுகிறார்கள். ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. ஆண்டுக்கு ஒருமுறை, ஓய்வு நாளில், மருத்துவக் குழு தோட்டங்களுக்கு வந்து முகாம் நடத்தவேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கும் அதே வரிசையில், தகுந்த வயதினர் அனைவருக்கும் கேட்காமலே குப்பி கொடுக்கவேண்டும்.

2. விளக்கம் தமிழிலும் வேண்டும். பெண்களிடம் பெண் தாதியர் பேசவேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தவர்களை 50 வயது வரை காக்கவைக்கக் கூடாது.

3. இரத்தம் இருப்பதாக முடிவு வந்தவர்களுக்குக் கொலொனோஸ்கோப்பி (குழாய்க் கருவியால் குடலின் உட்புறம் பார்க்கும் சோதனை) தேதியைக் கிளினிக்கே பெற்றுத் தரவேண்டும். அச்சோதனைக்கு முன் தரும் பேதி மருந்தைக் குடித்துவிட்டு சிம்பாங் பூலாய் சாலை வளைவுகளில் பேருந்தில் இறங்குவது முதியோரால் ஆகாது. ஈப்போவுக்கு அனுப்பப்படுவோருக்கு முந்திய நாளே வாகனமும் அங்கு இரவு தங்க இடமும் வேண்டும்.

4. கொலொனோஸ்கோப்பிக்காகச் செல்லும் நாள்களுக்குத் தோட்ட நிர்வாகங்கள் சம்பளம் பிடிக்கக் கூடாது.

5. குறைந்த வருமானத்தினருக்காக 2019இல் தொடங்கிய பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில், தகுதியுள்ளோருக்குப் போக்குவரத்து உதவியும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 ரிங்கிட்டும் உண்டு. இதை அறியாதோர் இங்குப் பலர். முகாமிலேயே தகுதியைச் சரிபார்த்து, விண்ணப்பிக்க உதவவேண்டும்.

வயதுவாரிப் பெயர்ப் பட்டியலையும், முகாமுக்குக் கோயில் மண்டபத்தையும் நாங்கள் ஏற்பாடு செய்வோம். குப்பியைத் திருப்பித் தராதவர் வீட்டுக்கு எங்கள் மகளிர் பிரிவினர் நேரில் போவார்கள். முதல் முகாமுக்கான தேதியை ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயலவையினர்