வலிக்காத புண்

எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கடற்கரைச் சாலையில் கூடினால் பேச்சு கடைசியில் சர்க்கரைக்குத்தான் வருகிறது. காலில் புண் என்று ஒருவர் சொன்னதும், "சர்க்கரை எவ்வளவு இருக்கு?" என்று அடுத்தவர் கேட்பார். நியாயமான கேள்விதான். சர்க்கரை ஏறிக் கிடந்தால் உடம்பு கிருமியோடு போராட முடியாது. ரத்தக்குழாய் அடைத்திருந்தால் பாதத்துக்கு ரத்தம் போகாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். ஆனால் "அந்தக் காலை ஊன்றி நடக்கிறீரா?" என்று யாரும் கேட்பதில்லை.

உள்ளங்காலில் வரும் இந்தப் புண்ணுக்குப் பிரெஞ்சில் 'மால் பெர்ஃபோரான்' என்று பெயர். துளைத்துக்கொண்டே போகும் நோய் என்று அர்த்தம். மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது. வலித்தால் நொண்டியாவது நடப்போம். வலிக்காததால் ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தை அதே புண்மேல் இறக்குகிறோம். காலையில் கட்டு மாற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போனால் எந்த மருந்து என்ன செய்யும்?

இதை நம் பக்கத்து வேலூரிலேயே கண்டு சொன்னார்கள். 1946-இல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டே அழிகின்றன என்று காட்டினார். பாரத்தைப் பரப்பிவிடும் மாவுக்கட்டும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும் அவர்களுக்கு உதவின. சர்க்கரைக்காரர் காலுக்கும் அதே வைத்தியம்தான். நான் கோப்பு எழுதி ஓய்வுபெற்றவன், வைத்தியன் அல்ல. ஆனாலும் களிம்புக்குச் செலவழிப்பதற்கு முன் இதை டாக்டரிடம் கேளுங்கள் என்பேன்.

இன்னொன்று, பத்தியம். புண் என்றதும் முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி ரசம் சாதம் போடுகிறார்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டாமா? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை என்று குறை சொல்லாதீர்கள். இந்த வைத்தியத்தில் பாதி அந்த நாற்காலிதான். கொல்லைப்புறம் வரை போய்வருவதும் நடைதான். ராத்திரிக்குக் கட்டிலருகே ஒரு பாத்திரம் வையுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வலி இல்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.