மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் வீட்டு விளம்பரங்களில் இப்போது பச்சை நிறம் தூக்கலாக இருக்கிறது. பொது விளக்குகளுக்கு சோலார், மின்சாரக் காருக்கு சார்ஜிங், வாசலில் தொட்டி மூங்கில். இவை இருந்தால் அது ‘கிரீன் ஹோம்ஸ்’. மழைநீர் சேகரிப்பையும் சிறப்பம்சமாக அச்சடிக்கிறார்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். வீட்டுக்குக் கதவு வைத்திருக்கிறோம் என்று பெருமை பேசுவதைப் போன்றது இது.

மைத்துனர் குடும்பம் தாம்பரம் பக்கம் வீடு தேடுவதால் நானும் கூடவே அலைகிறேன். புரோக்கர்கள் காலை பத்து மணிக்குத்தான் வரச் சொல்கிறார்கள். “சாயங்காலம் வரலாமா?” என்று கேட்டால், “அப்ப டிராஃபிக் ஜாஸ்தி சார்” என்கிறார்கள். காலையில் எல்லா வீடும் நல்ல வீடுதான். சித்திரை, வைகாசியில் மாலை நாலரை மணிக்குப் போய், ஃபேன் போடாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேற்குச் சுவரின் உள்பக்கம் உள்ளங்கையை வையுங்கள். மேல்மாடி வீடென்றால் இரவு எட்டு மணிக்கும் ஒருமுறை போவது நல்லது. செங்கல்லும் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய சூட்டை அப்போதுதான் உள்ளே விட ஆரம்பித்திருக்கும்.

நம் ஊரில் வீட்டைச் சுடுவது முதலில் கூரை, அடுத்தது மேற்குச் சுவர். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கும். ஆக, கத்திரி வெயிலில் தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். மொட்டை மாடிதான் முழு வெயிலையும் வாங்கும். மார்கழியில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயிலுக்கு ஒரு சன்ஷேடு போதும். மேற்கு வெயிலை சன்ஷேடு தடுக்காது. அதற்கு மரமோ, தாழ்வாரமோ, பக்கத்து வீட்டுச் சுவரோதான் வேண்டும்.

பழைய மெட்ராஸ் வீடுகளைக் கட்டிய கொத்தனார்களுக்கு இது தெரிந்திருந்தது. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. இன்றைக்கு அதன் மிச்சம்தான் கான்கிரீட்டுக்கு மேலே போடும் ‘வெதரிங் கோர்ஸ்’. அதிலும் கை வைத்து, வெறும் சிமென்ட் பூச்சோடு முடித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆகவே மாடிக்கு ஏறிப் பாருங்கள். வெள்ளை கூல் டைல்ஸ் இருந்தால் மாடுலர் கிச்சனைவிட அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில் சுவர் எழுப்பினார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே காற்றுக்கு இடைவெளி விடுவது அது. செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், சூடும் சீக்கிரம் உள்ளே இறங்காது. நம் மேஸ்திரிகளில் பலர் இதைக் கேட்டால் தயங்குகிறார்கள். தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

வாஸ்துவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் குடும்பத் தலைவரின் படுக்கையறை தென்மேற்கு மூலையில் இருக்க வேண்டும் என்ற விதியை, ஏ.சி. விற்பவர்கள் வணங்கத்தான் வேண்டும். மாலை முழுக்கக் காய்ந்த மேற்குச் சுவரோரம் கட்டிலைப் போட்டுவிட்டு, விடிய விடிய ஏ.சி. ஓட்டுகிறோம். காற்றின் திசையும் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும். கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும். ஒரே வரைபடம் இரண்டு ஊருக்கும் எப்படிப் பொருந்தும்?

மண்ணையும் பார்க்க வேண்டும். பட்டா கையில் இருப்பதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வராது என்று அர்த்தமில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கியதைப் பார்த்தோம். ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்தில் ஏரியோ ஓடையோ இருந்ததா என்று தேடுங்கள். அந்த மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை டீக்கடையிலும் விசாரியுங்கள்.

என் ஓட்டு பழைய வீட்டுக்குத்தான். ஒரு டன் சிமென்ட் தயாராகும்போது அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. உறுதியாக நிற்கும் வீட்டை இடித்துவிட்டு அங்கே ‘பசுமை வீடு’ எழுப்புவதை என்னவென்று சொல்வது? கூரையைச் சரிசெய்து, மேற்கே ஒரு புங்கமரம் வைத்துவிட்டுப் பிறகு சோலாருக்குப் போகலாம். மூன்று கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. ஆனால் அடுக்ககத்தில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. உங்கள் பேனலுக்கு இடம் உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மைத்துனரின் பட்டியலில் இப்போது மிஞ்சியிருப்பது தெற்குப் பார்த்த ஒரு பழைய தனி வீடு. மேற்கே பக்கத்து வீட்டு மாமரம், முன்னறையில் நல்ல காற்று. தெற்கு வாசல் என்பதால் கேட்க ஆளில்லை, விலையை இன்னும் குறைக்கலாம் என்கிறார் புரோக்கர். அவர் மனைவியான என் தங்கைக்கு மனம் ஒப்பவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.