32 வயதில் ஓய்வு, 58 வயதில் உதவித்தொகை

2025 ஜூன் மாதக் கடைசியில் ஓர் இரவு என் பேரன் டிவி முன்னால் குதித்தான். "தாத்தா, நம்ம சென்னை டீம் கப்பு ஜெயிச்சிருச்சு!" கிரிக்கெட் என்று நினைத்தேன். ரக்பியாம்! மும்பையில் முதல்முறையாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி, டெல்லி ரெட்ஸ் அணியை 41–0 என்று வீழ்த்தியிருந்தது.

முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். எதிரணிக்காரன் பாய்ந்து இடுப்பைக் கட்டிச் சாய்க்கிறான். வைகை மணலில் சடுகுடு ஆடி முட்டி பெயர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆனால் பேரன் அடுத்துச் சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

"நானும் இதுலதான் போகப் போறேன் தாத்தா. படிப்பை அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்புறம்" பற்றித்தான் இந்தப் பதிவு.

அந்த லீக் நடந்தது இரண்டே வாரம். வருஷத்தில் மிச்சம் ஐம்பது வாரம் இருக்கிறது. அதையும் தாண்டி, விளையாட்டு முடிந்தபின் நாற்பது வருஷ வாழ்க்கை இருக்கிறது. உடம்பை மோதி ஆடுகிறவன் 32, 33 வயதில் வெளியே வந்துவிடுவான். அதன்பின் அவனுக்கு யார்?

இங்கிலாந்தைப் பாருங்கள். ரக்பி யூனியன் ஆட்டத்தில் சம்பளம் வாங்கலாம் என்று 1995இல்தான் அனுமதித்தார்கள். அப்படிச் சம்பளத்துக்கு ஆடிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் ஸ்டீவ் தாம்சன். 2003இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணிக்காரர். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே அவருக்கு நினைவில் இல்லையாம். பல வருஷம் தலையில் வாங்கிய அடிகளே காரணம் என்று அவரும் நூற்றுக்கணக்கான முன்னாள் வீரர்களும் ரக்பி நிர்வாகங்கள் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பணமும் மருத்துவமும் கொழிக்கிற தேசத்தில் இந்தக் கதி என்றால், நம் ஊர்ப் பிள்ளையின் கதி என்ன?

"எந்தத் தொழில்லதான் ஆபத்து இல்ல?" என்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடைக்கு வரும் நண்பர் கேட்டார். வாஸ்தவம். ஆனால் மில்லில் கை போனால் நஷ்டஈட்டுக்குச் சட்டம் இருக்கிறது. பி.எஃப். இருக்கிறது. இ.எஸ்.ஐ. இருக்கிறது. ஏலத்தில் எடுக்கப்பட்டு ஒரு சீசன் ஆடுகிறவனுக்கு மறு சீசனில் ஏலம் கேட்க ஆள் இல்லை என்றால் அன்றோடு சரி.

அந்தக் காலத்தில் நம் கபடிக்காரர்கள் எப்படி ஆடினார்கள்? ரயில்வேக்கு ஆடினார்கள், மின்வாரியத்துக்கு ஆடினார்கள், போலீசுக்கு ஆடினார்கள். காசு கொஞ்சம்தான். ஆனால் முட்டி தேய்ந்தபின்னும் உட்கார ஒரு நாற்காலி இருந்தது. மாதம் முதல் தேதி சம்பளம் வந்தது. 2014இல் புரோ கபடி வந்தபின் ஏலத்தொகை லட்சத்தைத் தாண்டிக் கோடிக்கும் போயிருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்தக் கோடி எத்தனை பேருக்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதை வாங்க 58 வயது நிறைந்திருக்க வேண்டும். இது என்ன கணக்கு? நான் குமாஸ்தாவாக ஃபைல் புரட்டியவன். 58இல் ஓய்வு பெற்றேன், பென்ஷன் வந்தது. 32இல் ஓய்வு பெறுகிறவனை 26 வருஷம் காத்திரு என்றால் நியாயமா?

என் கோரிக்கை நான்குதான். வீரனுக்குத் தரும் தொகையில் ஒரு பங்கை, அணி முதலாளியும் தன் பங்கைச் சேர்த்து, அவன் பெயரில் சேமநிதியாகப் போடட்டும். ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு ஆட்டத்தை விட்டபின்னும் மருத்துவச் செலவு கிடைக்கட்டும். தலையில் அடிபட்டவனை டாக்டர் சொல்லாமல் மறுபடி களத்தில் இறக்காதிருக்கட்டும். உதவித்தொகைக்கான வயதைக் குறைக்கட்டும்.

பேரனிடம், "ஆடுறா ராசா, நான் தடுக்கல. ஆனா பிளஸ் டூவை முடி, டிகிரியையும் கையில வச்சுக்க. உன்னைக் கூப்பிடுறவன்கிட்ட, முட்டி போனா யாரு பாப்பான்னு கேளு" என்றேன்.

"அதெல்லாம் கேட்டா எடுக்க மாட்டாங்க தாத்தா" என்றான்.

பதினாறு வயதுப் பையனுக்கே தெரிந்திருக்கிறது. கேட்க வேண்டியது அவன் இல்லை, நாம்தான்.