கேட்போர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படை என்பதைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்குத் தான் சென்றுவந்த வழியையும், ஆங்குள்ள வள்ளலின் இயல்பையும் கூறி அவனை அவ்வழியிற் செலுத்துதலே ஆற்றுப்படையாம். இவ்வைந்தனுள் கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் எம் ஊராகிய ரிஷிவந்தியத்துக்கு அணித்தான நிலத்தைப் பாடுவது. தென்பெண்ணைக்கு வடக்கே, இன்றைய செங்கம் எனக் கொள்ளப்படும் ஊரில் இருந்து ஆண்ட நன்னனை நோக்கிக் கூத்தர் கூட்டமொன்றை மலைவழியே ஆற்றுப்படுத்தும் அந்நூல், 583 அடிகளால் ஆகியது. அக்கூட்டத்தார் சுமந்துசென்ற முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளை அது தொடக்கத்திலேயே நிரல்படக் கூறுகின்றது. மற்றொரு பால், எம் மாவட்டத்துத் திருக்கோவலூரில் இருந்து ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, பாடிவந்தோர்க்குத் தேர் வழங்கிப் புகழ்பெற்றான். கலைஞர் வள்ளலைத் தேடிச் சென்ற காலம் அது.

இக்காலத்து மன்னரும் இலர், வள்ளல்களும் அரியர். இன்று கலையைப் புரப்போர் கேட்போராகிய நாமே. ஆயின் நமக்கோ, நம்மை அடுத்துள்ள கலைஞரிடம் செல்லும் வழி தெரியவில்லை. ஆதலின் ஆற்றுப்படையைத் திருப்பிப் பாடவேண்டிய காலம் இது. வழி காட்டப்படவேண்டியவர் கலைஞர் அல்லர், கேட்போரே என்பதே நம் கருத்து.

விடுதியில் நம்முடன் பயிலும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். சென்னையின் இசைக்குழுக்களை அவர்கள் தடையின்றிப் பெயர் சொல்லுவர். அதனை நாம் குறையாகக் கூறவில்லை. 2017ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இசைக்குரிய படைப்பு நகரங்களுள் ஒன்றாகச் சென்னையைச் சேர்த்தது. அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தில், 2018 ஜனவரி 6ஆம் நாள், கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாக மேடை ஏறியது. கானாப் பாடகரும், பறை முழக்குவோரும், கிதார் இசைப்போரும் ஒருங்கு கூடிய அக்குழு, 'சாதிபேதமற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய தொடரினின்று தன் பெயரை அமைத்துக்கொண்டது. தாமே பாட்டுப் புனைந்து, தம் வாழ்வைத் தம் குரலிற் பாடுவோரை இளைஞர் போற்றுதல் நன்றே. ஆயின் அதே நண்பரை நோக்கி, 'உங்கள் வட்டத்தில் எத்தனை கூத்துச் ஜமா உண்டு? வாத்தியார் எவர்? முகவீணை வாசிப்பவர் எவர்?' என வினவுவோமாயின், விடையாக வருவது மௌனமே.

பாட்டைத் தாமே புனைந்து தாமே பாடுவோர் நகரத்திற்கு மட்டும் உரியவரோ? கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பகலிற் பாரதப் பிரசங்கமும் இரவிற் கூத்தும் நிகழ்கின்றன. ஆர்மோனியமும் மத்தளமும் தாளமும் முகவீணையும் கூடி ஒலிக்க, வேடம் புனைந்தவர் தம் பாட்டைத் தாமே பாடி ஆடுவர். பின்பாட்டுக்காரர் அதனை ஏந்திச் செல்வர். ஒலிபெருக்கி இல்லாத நாளில் ஊர்க்கோடி வரை கேட்கப் பாடிப் பழகிய குரல் மரபு அது. வாத்தியார் பழைய ஏட்டுப் பாடலோடு நிற்பதில்லை. களத்திற்கேற்பப் புதுவரி சேர்ப்பார். கட்டியங்காரனோ அவ்வூர்ச் செய்தியையும் அன்றைய விலைவாசியையும் பாட்டிலும் பேச்சிலும் கலந்து நகைக்க வைப்பான். நகரத்தார் இன்று புதுமையெனக் கொண்டாடுவது எம் களரியில் நெடுநாளாக விடியும் வரை நிகழ்ந்துவருவதே. இஃதன்றி, மாரியம்மன் விழாவிற் பம்பையும் உடுக்கையும் கொண்டு கதை பாடுவோர் உளர்; கல்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர்க்கும் தமக்குரிய பாட்டும் ஆட்டமும் உண்டு.

இவர்களை நாம் அறியாதிருத்தலால் விளையும் கேடு யாது? கூத்துக்காரர்க்கு வருவாய் தருவன விழாக்காலத்து இரவுகள் சிலவே; மழைக்காலத்தில் அவரிற் பலர் கழனி வேலைக்குச் செல்வர். 2020ஆம் ஆண்டிற் பெருந்தொற்றால் விழாக்கள் நின்றபோது, அச்சில இரவுகளும் அவர்க்கு இல்லையாயின. விழா நடத்துவோர் கூத்தை விடுத்துத் திரைப்பாட்டுக் கச்சேரிக்கு அச்சாரம் கொடுக்கும்போது ஓர் இரவின் ஊதியம் மட்டும் கெடுவதன்று. வேடம் கட்ட விரும்பும் சிறுவன், 'இதனால் வயிறு நிறையாது' என்று அன்றே ஒதுங்குகின்றான். அவ்வாறு ஒதுங்குவானாயின், வாத்தியார் நினைவில் மட்டும் உள்ள பாடல்கள் அவரோடு மறையும்.

பறைக்கலைஞர்க்கு நேர்வது இன்னும் கொடிது. கலைவிழாவெனின், அவர் வாயிலில் நின்று விருந்தினரை முழக்கத்தோடு அழைத்துவருகின்றார். விருந்தினர் மேடை ஏறியதும் அவர் பணி முடிந்துவிடுகின்றது. இருக்கையும் இல்லை, பெயர் கூறுவாரும் இல்லை. பறையாசிரியர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதைக் கொண்டாடிய நாம், நம் வாயிலில் நிற்பவரின் பெயரைக் கேட்டோமா? சாதியின் பெயரால் ஒரு கருவி இழிவெனப்பட்டது. அவ்விழிவு திருச்சபைக்குள்ளும் புகுந்தது. அதனை எதிர்த்து, மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் பேராசிரியராய் விளங்கிய தியாபிலஸ் அப்பாவு அவர்கள், நாட்டுப்புற மெட்டுகளையும் பறையையும் ஆராதனைக்குள் கொணர்ந்தார்கள். 2005ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருமகனார் காட்டிய வழி, கிறிஸ்தவக் கல்லூரியிற் பயிலும் நமக்குப் புதிதன்று. நாம் அதில் நடத்தலே எஞ்சியுள்ளது.

'காலம் மாறும், சுவையும் மாறும், பழமையைக் கட்டி அழுவதால் யாது பயன்?' என்பார் சிலர். பழமை என்பதற்காக எதனையும் போற்றுமாறு நாம் கூறவில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் இளைஞர் கிதார் மீட்டித் தம் ஊரைப் பாடுவாராயின் அவரும் நம்மவரே. பழைமையோ புதுமையோ அன்று, அண்மையே நாம் வேண்டுவது. இன்னும் சிலர், 'விடியும்வரை விழித்திருக்க இயலாது' என்பர். விடியும்வரை வேண்டா, இரண்டு நாழிகை அமர்ந்து கேளுங்கள். நன்றெனில் கால்கள் தாமே எழ மறுக்கும். அன்றெனில் எழுந்து செல்க. கேளாமலே தள்ளுதல் அறிவுடையோர் செயலன்று.

ஆதலின் மூன்று செயல்களை மாணவ நண்பர்க்கும், ஆசிரியப் பெருமக்கட்கும், பழைய மாணவர்க்கும் பணிவுடன் விண்ணப்பிக்கின்றோம். முதலாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர்ப்பக்கத்துக் கலைஞர் ஒருவரையேனும் கண்டு, அவர் இசைவு பெற்று, அவர் பெயர், ஊர், கருவி, ஆசான் பெயர் ஆகியவற்றை எழுதிவருதல். தமிழ்த்துறை அவற்றை ஓர் ஏட்டிற் பதிந்து வைத்தல். இரண்டாவது, கல்லூரி ஆண்டுவிழாவில் அவ்வேட்டினின்று ஒரு குழுவினை அழைத்து, வாயிலில் அன்றி மேடையில், விருந்தினர் கலைந்த பின் அன்றி அவர்தம் முன்னிலையில், முழுநேரம் அளித்தல். மூன்றாவது, அவர் கேட்கும் ஊதியத்தைப் பேரம் பேசாது கொடுத்தல். அவர்தம் பாட்டைக் கைப்பேசியிற் பதிவுசெய்து வெளியிடின், அவரைக் கேட்டு, அவர் பெயரோடு வெளியிடுதல். பழைய மாணவர் பலர் இன்று தத்தம் ஊர்களில் விழா நடத்தும் நிலையில் உள்ளனர். அவர்கள் ஓர் இரவைக் கூத்துக்கென ஒதுக்கினால், நூறு கட்டுரைகள் செய்யாததை அவ்வோர் இரவு செய்யும்.

ஆற்றுப்படைப் புலவன் வழியின் இயல்பைக் கூறாது விடுவதில்லை, யாமும் கூறுவோம். ரிஷிவந்தியத்து அர்த்தநாரீசுவரர் கோயிலைக் கடந்து, பங்குனி சித்திரை இரவுகளில் எத்திசையிலேனும் செல்லுங்கள். மத்தளம் ஒலிக்கும் பக்கம் திரும்புங்கள். களரியின் முன்வரிசையில் தரையில் அமருங்கள். விடைபெறும்போது பாடியவர் பெயரைக் கேட்டு நினைவிற் கொள்ளுங்கள்.