காவலில்லாத துறைமுகம்

1938 ஜூலையில், ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள எவியான் என்ற பிரெஞ்சு நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். நாஜிகளின் பிடியில் சிக்கிய யூதர்களை யார் ஏற்பது என்பதே கேள்வி. ஒவ்வொருவராக எழுந்து அனுதாபம் தெரிவித்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் நாட்டில் இடமில்லை என்றும் சொன்னார்கள். பெரிய எண்ணிக்கையில் ஏற்கிறோம் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு மட்டுமே.

அதே சமயத்தில், யாரிடமும் விசா கேட்காமல் கரையிறங்க விட்ட ஒரு பெருநகரம் இருந்தது. அது ஷாங்காய். அங்கே யாரும் கருணையோடு கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. 1937 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை நடந்த போரில் ஜப்பானியப் படை நகரத்தின் சீனப் பகுதிகளைப் பிடித்துவிட்டது. நகரின் நடுவே இருந்த சர்வதேசக் குடியிருப்பை வெளிநாட்டு வணிகர்கள் நிர்வகித்தார்கள். பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களுக்குத் தனிப் பகுதி. சீன அரசின் கடவுச்சீட்டு அதிகாரிகள் போய்விட்டார்கள், அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. ஊரே உடைந்து கிடந்ததால் வாசலில் காவலுக்கு ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் 17,000க்கும் மேற்பட்ட உயிர்கள் நுழைந்தன.

நுழைவதற்குத் தாள் வேண்டாம். ஆனால், வெளியேறுவதற்கு வேண்டும். 1938 நவம்பர் 9 இரவு நாஜிகளின் வன்முறையில் யூத ஜெபாலயங்கள் எரிந்த பின், ஆயிரக்கணக்கான யூத ஆண்களை டாஹௌ போன்ற முகாம்களில் அடைத்தார்கள். போக ஓர் இடம் இருப்பதாகக் காட்டினால் விடுதலை. அதற்கு ஒரு நாட்டின் முத்திரை வேண்டும். கணவனை மீட்க வேண்டிய மனைவிகள், நாஜிகள் வசமிருந்த வியன்னாவில் தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கினார்கள்.

அந்த நகரில் சீனாவின் தலைமைத் தூதரக அதிகாரியாக இருந்தவர் ஹோ ஃபெங்ஷான். கேட்டவர்களுக்கெல்லாம் ஷாங்காய் விசா எழுதிக் கொடுத்தார். 1938 ஜூனில் 200 என்ற வரிசை எண்ணில் இருந்த விசா, அக்டோபர் இறுதிக்குள் 1,906ஐத் தொட்டுவிட்டது. பெர்லினில் இருந்த மேலதிகாரி நிறுத்தச் சொன்னார், இவர் நிறுத்தவில்லை. யூதருக்குச் சொந்தமான கட்டடம் என்று தூதரக இடத்தை நாஜிகள் பறித்துக்கொண்டபோது, வேறு இடம் எடுக்க சொந்த அரசு பணம் தரவில்லை. தன் கைக்காசில் சின்ன இடம் ஒன்றைப் பிடித்து வேலையைத் தொடர்ந்தார். ஷாங்காய்க் கரையில் எவரும் கேட்காத விசாதான் அது. வியன்னாவில் அதுதான் உயிர்.

கோன்டே வெர்டே, கோன்டே பியான்கமானோ போன்ற இத்தாலியக் கப்பல்களில் அவர்கள் புறப்பட்டார்கள். சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஏறத்தாழ நான்கு வாரப் பயணம். தலைக்குப் பத்து மார்க்குக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது நாஜிகளின் சட்டம். எப்படியும் விட்டுவிட்டுப் போக வேண்டிய பணம்தானே என்று பலர் உயர்வகுப்புப் பயணச்சீட்டு வாங்கிவிட்டார்கள். வெள்ளைச் சீருடைப் பணியாளர் உணவு பரிமாற, கப்பலில் சொகுசாக வந்தவர்கள், ஷாங்காயில் இறங்கியதும் திறந்த லாரிகளில் ஏற்றப்பட்டு அகதி விடுதிகளுக்குப் போனார்கள். ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக அடுக்குக் கட்டில்கள். குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே தொங்கவிட்ட ஒரு போர்வை.

இடம் கிடைத்தது ஹாங்கியூவில். குண்டுவீச்சில் தரைமட்டமாகி, அதனாலேயே வாடகை குறைந்த பகுதி. சீன ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளில் யூதர்களும் ஒண்டுக்குடித்தனம் புகுந்தார்கள். கழிப்பறைக்குப் பதில் மரவாளி. கரித்தூளைச் சேற்றோடு பிசைந்து உருண்டை பிடித்து, வெயிலில் காயவைத்து அடுப்பெரித்தார்கள். தெருமுனைக் கடையில் காசு கொடுத்து வெந்நீர் வாங்கி வந்தார்கள். ஆனாலும் இரண்டே ஆண்டுகளில் அங்கே ஜெர்மன் பத்திரிகைகள் வந்தன, நாடகம் நடந்தது, வியன்னாப் பாணி காபிக்கடைகள் முளைத்தன. பாக்தாத் யூத வணிகர்களான சசூன், கதூரி குடும்பத்தார் பணம் கொடுத்தார்கள். ஹோரஸ் கதூரி பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்.

இந்தக் கட்டத்துக்கு வந்ததும் பலர் அகதிகளின் மன உறுதியைப் புகழத் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் மன உறுதி இல்லையா? அதே தெருவில் தையற்கடை வைத்திருந்தவர்கள், அதே பள்ளியில் வயலின் கற்றவர்கள், அதே பிடிவாதம் கொண்ட தாய்மார்கள்தான் அவர்களும். முத்திரை கிடைத்தவர் பிழைத்தார், கிடைக்காதவர் மாண்டார். உறுதிக்கும் உழைப்புக்கும் வேலை வந்தது கரையிறங்கிய பிறகுதான். பிழைத்தவரின் திறமையை மட்டும் பாடுவது, கதவைச் சாத்தியவர்களைத் தப்பவிடும் செயல்.

அந்த ஒரு கதவும் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1939 ஆகஸ்டில் ஜப்பானியரும் சர்வதேசக் குடியிருப்பின் நகராட்சியும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரியவர் ஒருவருக்கு 400 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. கையில் பத்து மார்க்கோடு வருபவரிடம் 400 டாலர்! வந்தவர்களுக்கே சோறு போட முடியாமல் திணறிய உள்ளூர் உதவிக் குழுக்காரர்களும் இனி அனுப்பாதீர்கள் என்று வெளிநாடுகளுக்கு மன்றாடினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவியானில் கூடிய 32 நாடுகளின் சுமை அவர்கள் தலையில் இறங்கியிருந்தது.

பசிபிக் போர் தொடங்கியதும் சர்வதேசக் குடியிருப்பும் ஜப்பானியர் வசமானது. 1943 பிப்ரவரி 18 அன்று ஓர் அறிவிப்பு: 1937க்குப் பிறகு வந்த 'நாடற்ற அகதிகள்' எல்லாரும் ஹாங்கியூவின் ஒரு பகுதிக்குள் குடிபெயர வேண்டும். யூதர் என்ற சொல்லே அதில் இல்லை. சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர். வேலைக்காக வெளியே போக அனுமதிச்சீட்டும், சட்டையில் 'செல்லலாம்' என்று பொருள்படும் சீன எழுத்துப் பொறித்த வில்லையும் வேண்டும். சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்த கோயா என்ற அதிகாரி தன்னை யூதர்களின் அரசன் என்று சொல்லிக்கொண்டவர், குள்ளமானவர், நெட்டையான ஆள் எதிரே வந்தால் அடிப்பார். பசியிலும் நோயிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் அந்த ஊரிலேயே இறந்தார்கள்.

1945 ஜூலை 17 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகள் ஹாங்கியூவில் விழுந்தன. அகதிகளில் முப்பதுக்கும் மேற்பட்டோர், சீனர்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அகதி மருத்துவர்கள், காயமடைந்தவர் சீனரா யூதரா என்று பாராமல் கட்டுப் போட்டார்கள். அடுத்த நாட்களில் சீன அண்டைவீட்டார் தங்களிடம் இருந்த உணவையும் காசையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்கும் அப்போது பஞ்சம்தான். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தச் சீனக் குடும்பங்களைப் பின்னணிக் காட்சியாக விட்டுவிடுகிறோம். வந்தவர்களுக்கு இடம் விட்டு, அதே சந்தில் அதே குண்டுக்குப் பலியானவர்கள் அவர்கள்.

போர் முடிந்ததும் யூதர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று கிளம்பினார்கள். ஹாங்கியூவில் வளர்ந்த மைக்கேல் புளூமென்தால் என்ற சிறுவன் 1977இல் அமெரிக்காவின் நிதித்துறைச் செயலர் ஆனார்.

ஹோ ஃபெங்ஷானின் பணிக்குறிப்பில் 1939இலேயே ஒரு கரும்புள்ளி விழுந்தது. பிற்காலத்தில் அவர் பணியாற்றிய தைவான் அரசு அவருக்கு ஓய்வூதியமும் தரவில்லை. விசா கொடுத்ததைப் பற்றி அவர் யாரிடமும் பெருமை பேசியதில்லை. 1997இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். இஸ்ரேல் அவரைக் கௌரவித்தது 2000இல்.