பழைய ஆயில் இன்ஜினைக் கிணற்றடிக்குக் கொண்டுபோகும் முன்

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய 6 குதிரைத்திறன் லிஸ்டர் மாதிரி ஆயில் இன்ஜின் 20 வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. லைனர், பிஸ்டன் ரிங் மாற்றி, நாசிலையும் சரிசெய்துவிட்டோம். பட்டறையில் நன்றாக ஓடியது. அடுத்த வாரம் முதல் தண்ணீர் இறைக்க ஆசை. கிணற்றில் தண்ணீர் 32 அடியில் கிடக்கிறது. 15 அடியில் ஒரு திட்டு இருக்கிறது. இன்ஜினை அதில் இறக்கி வைக்கலாமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: இறக்கி வைக்கவே கூடாது. மற்ற விஷயமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கிணற்றுக்குள் காற்றோட்டம் இல்லாததால் அங்கேயே தங்கிவிடும். டீசல் ஊற்ற இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது இதற்கு உதவாது. ஆக்சிஜன் குறைவாக இருந்தால்தான் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு இருப்பதை அது காட்டாது. உள்ளே யாராவது மயங்கினால் நீங்கள் இறங்காமல் 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள்.

மேலே வைத்தும் 32 அடியிலிருந்து உறிஞ்ச முடியாது. ஏட்டுக் கணக்கில் 34 அடி என்றாலும், நடைமுறையில் இந்தப் பம்பு 20, 22 அடிக்கு மேல் உறிஞ்சாது. எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்வரை பொறுங்கள். அதற்குள் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் பண்ணைக்குட்டைக் கரை நல்ல இடம். இன்ஜின் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டுமானம் இல்லாத கிணற்று விளிம்பில் வைக்காமல், தள்ளி, கெட்டியான தளத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த இந்த இன்ஜினைப் பார்த்து ராஜ்கோட் பட்டறைகளிலும் ஏராளமாகச் செய்தார்கள். 6 குதிரைத்திறன் இன்ஜின் நிமிடத்துக்கு 650 சுற்றுதான் ஓடும். வேகம் குறைவு, ஆனால் இரண்டு கனத்த பிளைவீல். ஆகவே, ஓட்டக் கற்கும் முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் வழி: நெடுநாள் கிடந்த இன்ஜினில் டீசல் பம்பின் ரேக் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வது உண்டு. டீசல் கூடுதலாகப் போகும் நிலையில் ஒட்டிக்கொண்டால் கவர்னரால் வேகத்தைப் பிடிக்க முடியாது. இன்ஜின் நிற்கும்போதே ரேக்கை விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் தங்கு தடையின்றி நகர வேண்டும். டீசல் குழாயை மூடினால் உடனே நிற்காது. லைனில் உள்ள டீசல் தீரும்வரை ஓடும். வேகம் கட்டுமீறினால் காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு தட்டைப் பலகையைப் பக்கத்திலேயே வையுங்கள். கையாலோ துணியாலோ அடைக்காதீர்கள்.

பிளைவீல்: சாவி இறுக்கமாக இருக்கிறதா, ஆரங்களில் விரிசல் உண்டா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் ஓட்டவே வேண்டாம்.

ஹேண்டில்: கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறியும். ஹேண்டில் மாட்டும் தண்டில் பிசிறு இல்லாமல் துடைத்து எண்ணெய் இடுங்கள். தோளில் துண்டும், தொங்கும் வேட்டி நுனியும் ஆகாது. பிள்ளைகள் பெல்ட் ஓடும் நேர்கோட்டில் நிற்கக் கூடாது.

தண்ணீர்: பம்பிலிருந்து வரும் சிறு குழாய் வழியாகத்தான் இன்ஜின் குளிர்கிறது என்றால், பம்பு தண்ணீர் எடுக்காதவரை இன்ஜினுக்கும் தண்ணீர் இல்லை. முதல் நாளே புட்வால்வைக் கழுவி, உறிஞ்சு குழாயையும் பம்பையும் நிரப்பி வையுங்கள். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. இன்ஜின் கொதித்துவிட்டால் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் வெடித்துவிடும். நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள்.

முதல் ஓட்டம்: டெலிவரி வால்வைப் பாதி மட்டும் திறந்து ஆரம்பியுங்கள். இந்த வகைப் பம்பில் தண்ணீர் குறைவாகப் போனால் இன்ஜின் மேல் பாரமும் குறையும். புது ரிங்குக்கு அதுதான் நல்லது. அதற்காகப் பாரமே இல்லாமல் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். ரிங் சரியாகப் படியாது. கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தி, ஆறியபின் ஹெட் நட்டுகளையும் டாப்பட் இடைவெளியையும் மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் போதவில்லை என்று யாராவது வேகத்தைக் கூட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பம்பின் வேகம் 10 சதவீதம் கூடினால் பாரம் மூன்றில் ஒரு பங்கு கூடும். புல்லி அளவில் ஐயம் இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

நீர்மட்டம் 20 அடிக்குள் வந்ததும் இன்ஜினைக் கிணற்று மேட்டிலேயே வைத்து இறையுங்கள். வராவிட்டால் அந்தக் கிணற்றுக்கு மின்சார நீர்மூழ்கி மோட்டார்தான் சரி. தாத்தாவின் இன்ஜின் பண்ணைக்குட்டையில் ஓடட்டும்.