பூமிக்குள் ஊற்றிய உப்புத் தண்ணீர்

2016-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி. சனிக்கிழமை. காலை மணி 7 அடித்து 2 நிமிடம்.

அமெரிக்காவில் ஓக்லகோமா என்று ஒரு மாநிலம். அங்கே பானி என்பது ஒரு சின்ன ஊர். திடீரென்று அந்த ஊர் ஆடியது. பழைய கல் கட்டிடங்களின் சுவர்கள் பிளந்தன. கற்கள் பெயர்ந்து தெருவில் விழுந்தன. பக்கத்து மாநிலங்களில் இருந்தவர்கள்கூட அந்த ஆட்டத்தை உணர்ந்தார்கள்.

பூகம்பத்தின் அளவு 5.8. கருவி வைத்து அளக்கத் தொடங்கிய நாள் முதல், ஓக்லகோமாவில் இவ்வளவு பெரிய பூகம்பம் வந்ததே இல்லை. நல்ல வேளையாக, உயிர்ச் சேதம் இல்லை.

ஜப்பானில் பூமி ஆடினால் யாரும் வியப்பது இல்லை. ஓக்லகோமா அப்படிப்பட்ட இடம் அல்ல. கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, எண்ணெய்க் கிணறு. இவைதான் அந்த ஊரின் அடையாளம். அங்குள்ளவர்கள் சூறாவளிக்குப் பயப்படுவார்கள். பூகம்பத்துக்குப் பயந்தது இல்லை.

ஆண்டுக்கு 2, பிறகு 900!

3 அளவுக்குக் குறையாத பூகம்பத்தை மனிதர்களால் நன்றாக உணர முடியும். அப்படிப்பட்ட பூகம்பங்கள் 2008 வரை அங்கே ஆண்டுக்குச் சராசரி 2 தான் வந்தன. 2014-ல் அது 500-ஐத் தாண்டியது. பூகம்பத்துக்குப் பேர் போன கலிபோர்னியாவையே முந்தி விட்டது! 2015-ல் சுமார் 900. அதாவது, தினம் இரண்டு!

பூமி ஏழெட்டு ஆண்டில் இப்படிக் குணம் மாறுமா?

இது இயற்கைதான் என்று முதலில் சிலர் சொன்னார்கள். பாறையைத் தண்ணீர் அழுத்தத்தால் பிளந்து எண்ணெய் எடுக்கிறார்களே, அதனால்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டாவது பதிலில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதனால் நேரடியாக வந்த பூகம்பங்கள் மிகச் சிலவே.

உண்மையான குற்றவாளி, எண்ணெயோடு கூடவே வெளியே வந்த தண்ணீர்.

எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் மட்டும் வரும் என்று நாம் நினைக்கிறோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்த உப்புத் தண்ணீரும் பாறைக்குள் சிக்கிக் கிடக்கிறது. ஓக்லகோமாவின் சில வயல்களில் ஒரு பீப்பாய் எண்ணெய் எடுத்தால், பத்துப் பீப்பாய்க்கு மேல் உப்புத் தண்ணீர் வரும்.

கடல் நீரை விட அதிகமாகக் கரிக்கும் தண்ணீர் அது. வயலில் விட்டால் பயிர் கருகும். ஆற்றில் விட்டால் மீன் சாகும். ஆகவே, தனியாக ஆழ்கிணறு தோண்டி, அதைத் திரும்பவும் பூமிக்குள் செலுத்தினார்கள். அர்பக்கிள் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கில் போய் அது சேர்ந்தது. அந்த அடுக்குக்குக் கீழே மிகப் பழமையான கடினப் பாறை இருக்கிறது. அதில் எங்கும் வெடிப்புகள்.

ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கொண்ட இரண்டு டம்ளர்களைப் பிரிக்க நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். டம்ளர் நழுவி வருகிறது. பாறை வெடிப்பிலும் ஏறக்குறைய அதுதான் நடந்தது. இங்கே தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து கொண்டது. இறுகிக் கிடந்த பாறைகளை அது நெம்பி விட்டது. பாறை நழுவியது, பூமி ஆடியது.

டென்வரில் கிடைத்த துப்பு

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் வேதனை.

டென்வர் நகருக்கு அருகே அமெரிக்க ராணுவத்தின் ரசாயன ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் கழிவு நீரை 12 ஆயிரம் அடி ஆழக் கிணற்றில் 1962-ல் கொட்ட ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் டென்வர் ஆடத் தொடங்கியது! டேவிட் எவன்ஸ் என்ற மண்ணியல் அறிஞர் 1965-ல் இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்று, எந்த மாதம் எவ்வளவு நீர் கொட்டினார்கள் என்ற கணக்கு. மற்றொன்று, எந்த மாதம் எத்தனை நடுக்கம் என்ற கணக்கு. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கியது.

1966-ல் கிணற்றை மூடினார்கள். ஆனால் பெரிய பூகம்பம் வந்தது எப்போது தெரியுமா? 1967 ஆகஸ்டில்! ஊற்றுவதை நிறுத்தினாலும், உள்ளே போன தண்ணீரின் அழுத்தம் உடனே அடங்குவது இல்லை.

பிறகு அதே மாநிலத்தில், ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயலில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். நீரைச் செலுத்தினால் நடுக்கம் கூடியது. நீரை வெளியே எடுத்தால் குறைந்தது. 1970-களிலேயே தெரிந்து விட்ட விஷயம் இது!

பிழைப்பும் வீடும்

தெரிந்தும் ஓக்லகோமாவில் ஏன் தாமதம்? எண்ணெய்தான் அங்கே பலருக்குச் சோறு போடுகிறது. சர்க்காருக்கு வரியும் அதிலிருந்து வருகிறது. 2011 நவம்பரில் பிராக் என்ற ஊரில் 5.6 அளவு பூகம்பம் வந்து, 14 வீடுகள் இடிந்தன. ஆனாலும் மாநில மண்ணியல் துறை வாய் திறந்து ஒப்புக் கொண்டது 2015 ஏப்ரலில்தான். பெரும்பாலான நடுக்கங்களுக்குக் கழிவு நீரே காரணமாக இருக்கக் கூடும் என்று அப்போது சொன்னது. மூன்று ஆண்டுக்கு மேல் வீணாயிற்று. வீடு இழந்தவர்களிடம் அந்தத் தாமதத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

நஷ்டஈட்டிலும் சிக்கல். சில இன்சூரன்ஸ் பாலிசிகளில், மனிதன் உண்டாக்கிய பூகம்பத்துக்குப் பணம் கிடையாது. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணெய்க் கம்பெனிகள் மேல் கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்புச் சொன்னது. இது பெரிய ஆறுதல்.

2016-ல், செலுத்தும் நீரைச் சுமார் 40 சதவீதம் குறைக்கும்படி உத்தரவு பிறந்தது. எண்ணெய் விலையும் சரிந்திருந்ததால், பல கிணறுகள் தாமாகவே ஓய்ந்தன. பூகம்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. அதே ஆண்டு நவம்பரில் குஷிங் நகரில் 5.0 அளவு பூகம்பம் வந்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய்ச் சேமிப்பு இடங்களில் குஷிங் ஒன்று. கடைத் தெருக் கட்டிடங்கள் சேதம் அடைந்தன. ராட்சதத் தொட்டிகள் தப்பின.

எல்லாம் அடங்கி விட்டது என்று இருந்தபோது, 2024 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, பிராக் ஊர் அருகே மறுபடியும் 5.1 அளவில் பூமி ஆடியது. 2011-ல் வீடு இடிந்த அதே ஊர்.